மூன்றாம் நாளின் மருந்துச்சீட்டு

தெரிந்தே எழுதுவது

சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட டாக்டர் ஏன் ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார் என்ற சந்தேகம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் தொழிலாளிக்கும் உண்டு, திருவள்ளூர் கடைத்தெருவில் மருந்துச்சீட்டோடு நிற்கும் ஆசிரியருக்கும் உண்டு. கண்டபடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கிருமிகள் பழகிவிடும், பிறகு எந்த மருந்தும் கேட்காது என்று பத்திரிகைகள் வருடம் தவறாமல் எழுதுகின்றன. வாசகருக்கே தெரிந்துவிட்ட இந்தச் செய்தி, ஐந்தரை வருடம் மருத்துவம் படித்தவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தும் எழுதுகிறார். இதற்கு நம்மிடம் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன: ஒன்று பேராசை, மற்றது அலட்சியம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் நடப்பதில் பெரும்பகுதியை விளக்கப் போதாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். டாக்டரின் மனப்பான்மையைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் நாம் செலவழித்த காலத்தை, அவர் கைக்கு ஒரு சோதனை முடிவு சரியான நாளில் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதில் செலவழித்திருக்கலாம்.

முதலில் அடிப்படை. ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. டெங்கு, ஃப்ளூ போன்ற வைரஸ் காய்ச்சலில் அதற்கு வேலை இல்லை. பல கோடி பாக்டீரியாக்களில் ஏதோ சிலவற்றுக்கு மருந்தைச் சிதைக்கும் நொதியோ, மருந்தை வெளியே தள்ளும் வழியோ தற்செயலாக அமைந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றதும் காலியான இடத்தில் இவை பெருகும். இதை மருந்தெதிர்ப்பு என்போம். இந்தத் திறனுக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்தில் உள்ள வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாறும். நோய் செய்யாத குடல் பாக்டீரியாவில் உருவான எதிர்ப்பு, நோய் செய்யும் பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான். பழவேற்காட்டில் இறாலுக்கு வீசிய வலையில் மீன் குஞ்சுகளும் சேர்ந்து அள்ளப்படுவதுபோல, பல இனங்களையும் ஒருசேரக் கொல்லும் அகல்வீச்சு மருந்து, குறிவைத்த கிருமியோடு குடலில் வாழும் அப்பாவிகளையும் வாரிச் செல்கிறது. ஒரு மருந்து எத்தனை நாள், எவ்வளவு அகலமாக உடலில் இருந்தது என்பதே எதிர்ப்பு வளர்வதற்கு முக்கியக் கணக்கு.

ஆபத்து எப்போதும் அடுத்த வார்டில்

மருத்துவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பல நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ பகுதியின் நான்கு மருத்துவமனைகளில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தெதிர்ப்பு நாட்டுக்கு மிக முக்கியமான பிரச்சினை என்று சொன்னவர்கள் 87 விழுக்காடு. தங்கள் சொந்த மருத்துவமனையில் அது மிக முக்கியமான பிரச்சினை என்று சொன்னவர்கள் 55 விழுக்காடு. அதே மருத்துவர்கள், அதே கேள்வித்தாள். பிரச்சினை பெரியது, ஆனால் நம் இடத்தில் அவ்வளவு இல்லை என்ற இந்த எண்ணம் வேறு பல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

நாமும் இதற்கு விலக்கல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமத்தி வால்ஷும் பிறரும் 2010 ஆகஸ்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசிக் கட்ட மருந்துகளாக வைத்திருந்த கார்பபெனம் வகையையே சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதியுள்ள பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்தன என்று அதில் இருந்தது. அந்த நொதியின் பெயரில் ‘என்.டி.’ என்று புதுதில்லி இருந்ததால் நாடு கொதித்தது. சென்னையின் அந்த 44 பாக்டீரியாக்கள் எங்கிருந்து வந்தன, எந்த மருந்துப் பழக்கம் அவற்றை வளர்த்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

தமிழ்நாட்டு மருத்துவர்களின் மனத்தைத் திறந்து காட்டிய ஆய்வு வேலூரிலிருந்து வந்தது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சுஜித் சாண்டி குழு டாக்டர்கள், மருந்துக் கடைக்காரர்கள், பொதுமக்கள் என்று தனித்தனிக் குழுக்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, 2013-ல் முடிவுகளை வெளியிட்டது. பொதுமக்களுக்கு மருந்தெதிர்ப்பு பற்றி அதிகம் தெரிந்திருக்கவில்லை. டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் எழுதக் காரணங்கள் சொன்னார்கள்: நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியவில்லை, சீக்கிரம் குணமாக்காவிட்டால் நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடுவார், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளின் நெருக்கம். கடைசிக் காரணத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. முதல் காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

ஒரு நோயாளி, பத்து நாள்

கணக்குக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்வோம். வயது 45, சிப்காட் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி, சர்க்கரை நோய் உண்டு. இரண்டு நாளாகக் குளிர் காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், விலாப்பக்கம் வலி. இரவு பத்து மணிக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வரும்போது ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. சிறுநீரகத்தில் பாக்டீரியா தொற்றி ரத்தத்துக்கும் பரவுகிறது என்று டூட்டி டாக்டர் சரியாகவே கணிக்கிறார். பெரும்பாலும் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவாகத்தான் இருக்கும். ஆனால் எந்த ஈ. கோலை? பழைய மருந்துக்குச் சாவதா, சாகாததா?

அவருக்குத் தெரிந்த எண்கள் நாட்டளவிலானவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நடத்தும் கண்காணிப்பு வலையமைப்பின் ஆண்டறிக்கைகளின்படி, கார்பபெனம் வகையைச் சேர்ந்த இமிபெனத்துக்குச் சாகும் ஈ. கோலை 2017-ல் 81 விழுக்காடாக இருந்து, 2022-ல் 66 விழுக்காடாகக் குறைந்தது. அதைவிடப் பழைய செஃப்ட்ரையாக்சோன் போன்றவற்றின் நிலை இன்னும் மோசம். இதைப் படித்த ஒருவர், ரத்த அழுத்தம் இறங்கும் நோயாளிக்குச் செஃப்ட்ரையாக்சோன் போடத் துணிவாரா? கார்பபெனம் வகை மெரோபெனம்தான் போடுவார், அவர் போடுவது நியாயமும்கூட. ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. அந்த எண்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. அங்கே போய்ச் சேர்பவர்கள் ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் மருந்து வாங்கித் தோற்றவர்கள். கும்மிடிப்பூண்டியில் நேற்றுவரை வேலைக்குப் போனவரின் உடலில் உள்ள கிருமி அதைவிட எளிதில் சாகக்கூடும். நம் டாக்டரிடம் இந்த வட்டாரத்துக்கான எண் இல்லை. எனவே சென்னையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் அச்சத்தைக் கடன் வாங்கி, இங்குள்ள நோயாளிக்கு மருந்து எழுதுகிறார்.

இப்போது இதே போன்ற 100 நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் முதல் இரவே மெரோபெனம் தொடங்கி, பத்து நாள் தொடர்ந்தால் 1000 நாள் மருந்து. டாக்டர்களுக்கு வகுப்பெடுத்து, பத்தில் ஒருவருக்கு அதைத் தொடங்காமல் தடுத்துவிட்டோம் என்று வையுங்கள். 900 நாள். தடுக்கப்பட்ட அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கு உண்மையிலேயே அது தேவைப்பட்டிருந்தால்? அந்த ஒருவரை நினைத்துத்தான் டாக்டர் வகுப்பில் தலையாட்டிவிட்டு வார்டில் மெரோபெனம் எழுதுகிறார்.

வேறு வழியில் போவோம். 100 பேருக்கும் முதல் இரவு மெரோபெனம், யாருக்கும் மறுக்கவில்லை. ஆனால் முதல் ஊசிக்கு முன்பே ரத்தமும் சிறுநீரும் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு, அதாவது எல்லாரும் கல்ச்சர் என்று சொல்லும் சோதனைக்கு, அனுப்பிவிடுகிறோம். மறுநாள் தட்டில் கிருமி வளர்ந்திருக்கும். எந்த மருந்துக்குச் சாகும் என்ற பட்டியல் வர இன்னும் ஒன்றிரண்டு நாள். மூன்றாம் நாள் பட்டியலைப் பார்த்தால், 60 பேரின் கிருமி எளிய, குறுகிய வீச்சுள்ள மருந்துக்கே சாகும் என்று தெரிகிறது என்று கொள்வோம். அவர்களை மாற்றிவிடுகிறோம்: 180 நாள். மீதி 40 பேருக்குப் பத்து நாளுக்குப் பதில் ஏழு நாளில் நிறுத்துகிறோம்: 280 நாள். மொத்தம் 460. எந்த நோயாளியின் முதல் ஊசியையும் தொடாமல் பாதிக்கு மேல் குறைத்துவிட்டோம். 60 என்பது என் கற்பனை எண். அதை 40 ஆக்கினாலும் கணக்கு 540-ல்தான் நிற்கிறது. வீண் செலவு பெரும்பாலும் முதல் சீட்டில் இல்லை, யாரும் திரும்ப எழுதாத மூன்றாம் நாள் சீட்டில் இருக்கிறது.

நாட்டளவிலான புள்ளிவிவரமும் இதையே காட்டுகிறது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை 20 பெரிய மருத்துவமனைகளில் 9,652 உள்நோயாளிகளைக் கணக்கெடுத்தது. அவர்களில் 71.9 விழுக்காட்டினர் ஆன்டிபயாட்டிக்கில் இருந்தார்கள். எழுதப்பட்டதில் 55 விழுக்காடு தொற்று வராமல் இருக்க, முன்னெச்சரிக்கையாக. கிருமி இன்னதென்று உறுதியான பிறகு எழுதியது வெறும் 6 விழுக்காடு. 71.9 என்ற எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். அந்த 6 அதைவிடக் கலங்கவைப்பது.

நல்லா இருக்காரு, ஏன் மாத்தணும்?

மூன்றாம் நாள் சீட்டு ஏன் திருத்தப்படுவதில்லை? பல சிறு மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் ஆய்வகம் கிடையாது. மாதிரி சென்னைக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்தால் முடிவு நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வருகிறது. கல்ச்சருக்கான பணத்தை நோயாளிதான் கட்ட வேண்டும். ஊசிக்குக் கொடுக்க மனம் வருகிற குடும்பத்துக்குச் சோதனைக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. முடிவு வந்தாலும், மருந்தைத் தொடங்கியவர் பெரிய டாக்டர். ரவுண்ட்ஸில் அவர் பின்னால் நிற்கும் இளையவர் அதை மாற்றத் தயங்குகிறார். நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. “நல்லா இருக்காரு, ஏன் மாத்தணும்?” என்ற ஒரு வாக்கியத்தில் விவாதம் முடிகிறது. குடும்பத்தாரும் “கேக்குற மருந்தை ஏன் டாக்டர் நிறுத்துறீங்க?” என்கிறார்கள்.

சிப்காட் சூழல் இதற்கு மேல் ஒரு அடுக்கு. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு நோய்க்கால உதவித்தொகையாகக் கூலியில் 70 விழுக்காடு 91 நாள் வரை கிடைக்கும். அந்தக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும் தினக்கூலிக்கு ஒவ்வொரு நாளும் முழு நஷ்டம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் மூன்றாம் நாள் தெம்பு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கோ ஊருக்கோ போய்விடுகிறார். திரும்பி வருவாரா என்று தெரியாதவருக்கு, முதல் நாளே மிக வலுவான மருந்தைக் கொடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவெடுப்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

பழி விழும் விதம் இன்னொன்று. மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் 1995-ல் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் மருந்து கொடுக்காமல் விட்டதால் இறந்தவருக்கு முகம் உண்டு, குடும்பம் உண்டு, வக்கீல் உண்டு. தேவையில்லாமல் கொடுத்ததால் வளர்ந்த எதிர்ப்புக் கிருமி, ஆறு மாதம் கழித்து வேறொரு வார்டில் வேறொருவரைக் கொல்லும். அதை இந்தச் சீட்டோடு இணைத்து வழக்குப் போட யாராலும் முடியாது. 2019-ல் மருந்தெதிர்ப்பால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் என்று ஒரு சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை மரணத்துக்கும் பொறுப்பேற்கும் கையெழுத்து எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்காது.

எதிர்வாதங்கள்

எல்லாம் பணம்தான், மற்றதெல்லாம் சப்பைக்கட்டு என்று ஒருவர் சொல்லலாம். மருத்துவமனைக்குள்ளேயே மருந்துக்கடை, பிரதிநிதிகளின் அன்பளிப்பு எல்லாம் மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு 1994-ல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கித் தருகிறது. அங்கே ஓர் ஊசி கூடுதலாகப் போட்டால் டாக்டருக்கு ஒரு ரூபாயும் வராது. அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு தவணை போதும் என்ற இடத்தில் ஐந்து நாள் தொடரும் பழக்கம் அந்த வார்டுகளிலும் இருக்கிறது. லாபமில்லாத இடத்திலும் ஒரு பழக்கம் வாழ்கிறது என்றால், அதன் வேர் அச்சத்தில் இருக்கிறது. லாபம் அதற்குத் தண்ணீர் ஊற்றலாம், அவ்வளவே.

சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அதை விட்டுவிட்டு டாக்டரைக் கேட்பது என்ன நியாயம் என்பது அடுத்தது. 2014 மார்ச் முதல் 46 மருந்துகள் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன; சீட்டின் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதாமல் அவற்றை விற்கக் கூடாது. அமலாக்கம் இன்னும் தளர்வுதான். ஆனால் கவுன்டரில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் அமாக்சிசிலின், அசித்ரோமைசின் மாத்திரைகள். கடைசிக் கட்ட மருந்துகளான மெரோபெனமும் கொலிஸ்டினும் நரம்பில் ஏற்றுபவை. அவை மருத்துவமனையில் மட்டுமே எழுதப்படுகின்றன. கடைசிக் கட்ட மருந்தைக் காப்பதும் இழப்பதும் வார்டில்தான் நடக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரியும் செப்சிஸ் அதிர்ச்சியில் சரியான மருந்து ஒரு மணி நேரம் தாமதமானால் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 விழுக்காடு குறைகிறது என்று 2006-ல் ஆனந்த் குமார் குழுவின் ஆய்வு காட்டியது. அந்த எண்ணின் துல்லியம் பற்றிப் பிற்பாடு விவாதம் உண்டு, ஆனால் அதன் திசையைப் பெரும்பாலோர் மறுக்கவில்லை. எனவே காத்திருக்கச் சொல்வது கொலைக்குச் சமம் என்பார்கள். யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. ரத்த மாதிரி எடுக்கச் சில நிமிடம் போதும். அவசரம் முதல் மணி நேரத்துக்குச் சொந்தமானது. பத்தாம் நாள் வரை அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

கோர்ஸை முழுசாக முடிக்காவிட்டால்தான் எதிர்ப்பு வரும் என்று நமக்கெல்லாம் சொல்லித்தரப்பட்டது. காசநோய்க்கு அது சத்தியம். எல்லாத் தொற்றுக்கும் அல்ல. ரத்தத்தில் பாக்டீரியா பரவிய 3,608 நோயாளிகளை ஏழு நாள், பதினான்கு நாள் என்று பிரித்துப் பார்த்த பேலன்ஸ் ஆய்வு 2024-ல் வெளியானது. 90 நாளில் இறந்தவர்கள் ஏழு நாள் குழுவில் 14.5 விழுக்காடு, பதினான்கு நாள் குழுவில் 16.1. குறைந்த நாள் கொடுத்ததால் இழப்பு இல்லை. பாதியில் நிறுத்துவதை நோயாளி தானே முடிவுசெய்யக் கூடாது என்பது இதனால் மாறிவிடவில்லை. டாக்டர் முடிவுசெய்யலாம் என்பதே இதன் பொருள்.

இந்த மாவட்டம் ஏற்கெனவே செய்துகாட்டியது

சோதனை முடிவு கைக்கு எட்டினால் டாக்டர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்களா என்று கேட்பவர்களுக்குத் திருவள்ளூர் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1997-ல் தனி மாவட்டமாவதற்கு முன், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்த ஊர்களில்தான் 1968-ல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் பரிசோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற சங்கடமான முடிவு இங்கிருந்துதான் உலகுக்குப் போனது. பிறகு 1999 முதல் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையம் திருவள்ளூர் மாவட்டத்தில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையைத் தொடர்ந்து அளந்து பார்த்தது. சளியை நுண்ணோக்கியில் பார்க்காமல் மருந்து தொடங்கக் கூடாது. இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி சளி பார்க்க வேண்டும். அந்த முடிவுதான் அடுத்த கட்டம் என்ன என்று சொல்லும். இரண்டாம் பார்வை டாக்டரின் நல்ல மனத்தை நம்பி விடப்படவில்லை, அட்டையிலேயே அச்சிடப்பட்டிருந்தது. முதல் சில ஆண்டுகளில் சளியில் கிருமி உள்ள நோயாளிகளின் விகிதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 விழுக்காடு வேகத்தில் இறங்கியது. பிறகு அந்த வேகம் நீடிக்கவில்லை, அது வேறு கதை.

காசநோய்க்கு ஒரே கிருமி, வகுத்த மருந்துத் திட்டம், அரசின் இலவச மருந்து. செப்சிஸுக்குப் பல கிருமிகள், பல மருந்துகள், நோயாளியின் பாக்கெட். இரண்டும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் உபதேசத்தைவிட நடைமுறை வலுவானது என்பதற்கு வேலூரிலும் சான்று உண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பத்தாண்டு ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை அளந்தபோது, வழிகாட்டிக் கையேடு வந்ததும் உயர்வு மட்டுப்பட்டது. அதே கையேடு மருத்துவமனைக் கணினியில் எப்போதும் திறந்துபார்க்கும்படி வந்த பிறகுதான் பயன்பாடு இறங்கத் தொடங்கியது. கார்பபெனம் மட்டும் அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது.

முப்பது மாதிரி

அதனால் கேட்க வேண்டியது சிறியதும் திட்டவட்டமானதுமாக இருக்கலாம். 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய சென்னைப் பிரகடனமும் குறையற்ற கொள்கையைவிட நடக்கக்கூடிய கொள்கையைத்தான் கேட்டது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு நுண்ணுயிரியல் துறை உண்டு. ஓர் இனக் கிருமியில் குறைந்தது 30 மாதிரி இருந்தால், எந்த மருந்துக்கு எத்தனை விழுக்காடு சாகிறது என்ற வட்டார எதிர்ப்பு அட்டவணையைத் தயாரிக்கலாம் என்பது உலகெங்கும் ஏற்ற விதி. பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதி மருத்துவமனைகளின் சிறுநீர் மாதிரிகளை அங்கே சேர்த்தால், ஈ. கோலைக்கு முப்பது என்பது எட்டாத எண் அல்ல. வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பக்க அட்டவணை இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு டூட்டி அறையிலும் ஒட்டப்பட்டால், இரவு பத்து மணிக்கு வரும் நோயாளிக்குச் சென்னையின் எண்ணைக் கடன் வாங்க வேண்டிய தேவை குறையும்.

2024 ஜனவரி 1 அன்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநர் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆன்டிபயாட்டிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் கட்டாயம் எழுதுங்கள். நல்ல கடிதம்தான், ஆனால் அது முதல் நாள் சீட்டை நோக்கியது. அதே கேஸ் ஷீட்டில் மூன்றாம் நாளுக்கு ஒரு கட்டம் அச்சிடுங்கள்: கல்ச்சர் முடிவு என்ன, மருந்து தொடர்கிறதா, மாறுகிறதா, நிற்கிறதா, கையெழுத்து யார். படுக்கைக்கு அருகே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் நாள் ஊசியை மறுக்காதீர்கள். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில், “கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சா டாக்டர், இந்த ஊசி இன்னும் வேணுமா?” என்று கேளுங்கள்.